வைஃபை பெட்டியின் சாவி யாரிடம்?

ஊர் கூடி எழுதிய லினக்ஸ், ரூட்டருக்குள்ளும் டிவிக்குள்ளும் போய்ப் பூட்டிக்கொண்டது எப்படி? அந்தப் பூட்டைத் திறக்கக் கேட்டவர்களுக்கு என்ன பதில் கிடைத்தது?

மூடியைக் கழற்றினால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சைப் பலகை. ஓரத்தில், எதற்கென்று எழுதப்படாத நான்கு துளைகள். மூன்றில் மெல்லிய ஒயர்களைப் பற்றவைத்து, மறுமுனையைச் சின்ன யூஎஸ்பி அடாப்டர் வழியாக லேப்டாப்பில் செருகிவிட்டு, ரூட்டருக்குக் கரண்ட் கொடுக்கிறார் பழுது பார்ப்பவர். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று இறங்குகின்றன. பூட்லோடர் தன் பெயரைச் சொல்கிறது. மெமரி எவ்வளவு என்று கணக்குப் பார்க்கிறது. இயங்குதளத்தின் மையமான கெர்னலை விரிக்கிறேன் என்கிறது. அடுத்த வரியில் ஆள் யாரென்று தெரிந்துவிடுகிறது: லினக்ஸ். பக்கத்திலேயே பதிப்பு எண். பெட்டி வாங்கியது போன வருஷம். உள்ளே இருப்பதோ பத்து வருஷத்துக்கு முந்தைய கெர்னல். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இதற்கெல்லாம் ஆச்சரியப்படுவதில்லை. எழுத்து ஓட்டம் நிற்கிறது. என்டரைத் தட்டச் சொல்லி ஒரு வரி. தட்டினால், பாஸ்வேர்டுகூடக் கேட்காமல் உள்ளே விட்டுவிடுகிறது.

அலமாரி மேல் பச்சை விளக்கோடு கண் சிமிட்டும் அந்தப் பெட்டி ஒரு முழுக் கம்ப்யூட்டர். அதில் ஓடும் இயங்குதளத்தை எழுதியது பெட்டியை விற்ற கம்பெனி அல்ல. 1991-ல் ஹெல்சிங்கியில் 21 வயது மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைக்க, உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் எழுதி இலவசமாகக் கொடுத்தது அது. சாம்சங் டிவியின் டைசன், எல்ஜி டிவியின் வெப்ஓஎஸ், ஆண்ட்ராய்டு டிவி என்று பெயர்கள் வேறுவேறு. அடியில் இருப்பது லினக்ஸ்தான். 2021-ல் செவ்வாய் கிரகத்தில் பறந்த நாசாவின் இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டரிலும் அதுவே.

காசு வேண்டாம், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ரிச்சர்ட் ஸ்டால்மன் வகுத்த ஜிபிஎல் என்ற உரிமத்தின் கீழ்தான் லினக்ஸ் வருகிறது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பெட்டியில் போட்டு விற்கலாம். விற்றால், வாங்கியவருக்கு அதன் மூலநிரலையும், அதாவது புரோகிராமர்கள் எழுதிய வடிவத்தையும், அதைத் தொகுத்து நிறுவும் வழிமுறைகளையும் கொடுக்க வேண்டும். கூடவே வைத்துக் கொடுக்காவிட்டால், மூன்று வருஷத்துக்காவது கேட்டவருக்குத் தருவோம் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். டிவியின் செட்டிங்ஸில் கடைசிக்கும் கடைசியாக 'ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்' என்றொரு பக்கம் இருக்கிறதே, அது இதற்காகத்தான். அந்தப் பக்கத்தில் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார்களா என்பதில்தான் இருபது வருஷச் சண்டை.

கைமாறிக் கைமாறி

லினக்ஸ் பிறந்தது மேஜைக் கம்ப்யூட்டருக்கு. ரூட்டரில் கீபோர்டு இல்லை, திரை இல்லை, ஹார்டு டிஸ்க் இல்லை. கரண்ட் எந்த நிமிஷமும் போகும். வந்ததும் யாரும் கை வைக்காமல் தானே எழுந்து வேலை பார்க்க வேண்டும். விலையோ ஆயிரம், ஆயிரத்தைந்நூறு. ஆகவே மெமரியில் ஒவ்வொரு ரூபாயையும் மிச்சம் பிடிப்பார்கள். இத்தனை நெருக்கடிக்குள் லினக்ஸை அடக்குவது சாமர்த்தியமான வேலைதான். அந்த வேலையை யார் செய்கிறார்கள் என்று பார்த்தால்தான் பத்து வருஷப் பழைய கெர்னலின் ரகசியம் பிடிபடும்.

சிப் தயாரிக்கும் கம்பெனி முதலில் ஒரு லினக்ஸ் பதிப்பை எடுத்துத் தன் சிப்புக்கு ஏற்ப வெட்டி ஒட்டுகிறது. வைஃபை ரேடியோவை இயக்கும் டிரைவரை மட்டும் மூலநிரல் காட்டாமல், மூடிய பொட்டலமாகச் சேர்க்கிறது. அந்தப் பொட்டலம் குறிப்பிட்ட அந்தக் கெர்னல் பதிப்போடு மட்டுமே ஒத்துப்போகும். இந்தத் தொகுப்பை வாங்கும் தைவான் அல்லது சீன ஒப்பந்தக் கம்பெனி, பலகையை வடிவமைத்து மேலே சில அம்சங்களைச் சேர்க்கிறது. நமக்குத் தெரிந்த பிராண்டு கடைசியில் வந்து தன் லோகோவையும் செட்டிங்ஸ் பக்கத்தையும் ஒட்டுகிறது. சிப் கம்பெனிக்கு அடுத்த சிப் வந்துவிட்டது. பழைய தொகுப்பைப் புதிய கெர்னலுக்கு மாற்ற ஆள் போடாது. பிராண்டு நினைத்தாலும் முடியாது, பொட்டலத்தின் உள்ளே இருப்பது அதற்கே தெரியாது. லினக்ஸ் அது பாட்டுக்கு முன்னே போய்க்கொண்டிருக்க, பெட்டி அங்கேயே நிற்கிறது.

---
பெட்டிச் செய்தி: 4 எம்பிக்குள் எப்படி?

ஒரு செல்போன் புகைப்படமே 4 எம்பி இருக்கும். ஆரம்பகால ரூட்டர்களில் மொத்த ஃபிளாஷ் மெமரியும் அவ்வளவுதான்.

இதைச் சாத்தியமாக்கியதில் பெரும் பங்கு பிஸிபாக்ஸுக்கு. 1990-களின் நடுவில், டெபியன் லினக்ஸை நிறுவும் கருவி ஒரே ஃபிளாப்பியில் அடங்க வேண்டும் என்பதற்காக புரூஸ் பெரன்ஸ் எழுதியது. கோப்பைப் பட்டியலிட ஒன்று, நகலெடுக்க ஒன்று என்று தனித்தனியாக இருந்த கட்டளைகளை ஒரே நிரலாக்கிவிட்டார். எந்தப் பெயரில் கூப்பிடுகிறோமோ அந்த வேலையைச் செய்யும்.

இயங்குதளம் முழுவதும் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற முறையில் அழுத்திச் சுருக்கி, மாற்ற முடியாத பகுதியாக எழுதப்படுகிறது. நாம் மாற்றும் பெயரும் பாஸ்வேர்டும் அதன் மேல் தனி அடுக்கில் உட்காரும். ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்தால் மேலடுக்கு மட்டும் அழியும். அடியில் இருப்பது கரண்ட் எத்தனை முறை போனாலும் கெடாது.

---

நீல-கறுப்புப் பெட்டி

2002 டிசம்பரில் லிங்க்சிஸ் ஒரு வைஃபை ரூட்டரை விற்பனைக்கு விட்டது. நீலமும் கறுப்புமாக, முதுகில் இரண்டு ஆன்டெனாக்களோடு. பெயர் டபிள்யூஆர்டி54ஜி. சில மாதங்களில் சிஸ்கோ, சுமார் 50 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து லிங்க்சிஸையே வாங்கிக்கொண்டது. வாங்கிய சரக்கில் என்ன இருக்கிறது என்று சிஸ்கோவின் வக்கீல்கள் எவ்வளவு தூரம் பார்த்தார்களோ தெரியாது. 2003 ஜூனில் ஆண்ட்ரூ மிக்லாஸ் என்பவர் பார்த்துவிட்டார். ரூட்டரின் ஃபர்ம்வேரை, அதாவது பெட்டிக்குள் பதித்த மென்பொருளை, பிரித்துப் பார்த்ததில் உள்ளே லினக்ஸும் பிஸிபாக்ஸும் இருக்கின்றன, மூலநிரலை மட்டும் காணோம் என்று கெர்னல் எழுதுபவர்களிடமே போய்ச் சொன்னார்.

சிஸ்கோவுக்கு இது தர்மசங்கடம். ரூட்டரை விற்றது லிங்க்சிஸ், சிப் பிராட்காமுடையது, ஃபர்ம்வேரைத் தயாரித்தது தைவானின் சைபர்டான். லினக்ஸைப் போட்டவர் ஒருவர், நிபந்தனைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் இன்னொருவர். ஸ்டால்மனின் ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனும் களத்தில் இறங்கியது. சில வாரங்களுக்குள் மூலநிரல் வெளியானது.

அதோடு முடிந்திருந்தால் இது வெறும் உரிமத் தகராறு. பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்தில், இணைப்பைச் சோதிக்கும் 'பிங்' கட்டத்தில் முகவரிக்குப் பதிலாகக் கட்டளையை எழுதினால் ரூட்டர் அதையும் நிறைவேற்றும் என்று கண்டுபிடித்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு, கிடைத்த மூலநிரலையும் வைத்துக்கொண்டு, ஆளாளுக்கு மாற்ற ஆரம்பித்தார்கள். 2004-ல் ஓப்பன்டபிள்யூஆர்டி பிறந்தது. பின்னாலேயே டிடி-டபிள்யூஆர்டி, டொமேட்டோ. எந்த இணைப்புக்கு முன்னுரிமை என்று தீர்மானிப்பது, ஆன்டெனாவின் சக்தியைக் கூட்டுவது, விபிஎன் என்று பெரிய ஆபீஸ் ரூட்டர்களுக்கே உரிய வசதிகள் இந்தச் சின்னப் பெட்டிக்குள் வந்தன. அறுபது டாலர் பெட்டி அறுநூறு டாலர் வேலை செய்கிறது என்று ஊரே பேசியது. ஓப்பன்டபிள்யூஆர்டியின் பழைய பதிப்புகளில் உள்ளே நுழைந்ததும் ஒரு காக்டெய்ல் செய்முறை வரவேற்கும். ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு மதுவின் பெயர். எழுதியவர்கள் எந்த மனநிலையில் இருந்தார்கள் என்று இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

லிங்க்சிஸ் 2005-ல் ஒரு காரியம் செய்தது. ஐந்தாவது பதிப்பில் லினக்ஸைத் தூக்கிவிட்டு விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற தனியார் இயங்குதளத்தைப் போட்டது. அது குறைந்த இடத்தில் ஓடும் என்பதால் ஃபிளாஷ் 4 எம்பியிலிருந்து 2 ஆகவும், ரேம் 16-லிருந்து 8 ஆகவும் இறங்கின. வெளியே அதே நீலம், அதே பெயர். வாடிக்கையாளர் கூச்சல் போட்டார்கள். உடனே பழைய பெட்டியையே பெயருக்குப் பின்னால் 'எல்' சேர்த்து, டபிள்யூஆர்டி54ஜிஎல் என்று தனியாக விற்றார்கள். அந்த எல், லினக்ஸுக்கு. மாற்றிக்கொள்ள முடியும் என்பதே விற்பனைச் சரக்கானது. அது பல வருஷம் கடைகளில் ஓடியது. விடாக்கண்டர்கள் சிலர் அந்த 2 எம்பி பெட்டிக்குள்ளும் விஎக்ஸ்வொர்க்ஸைத் துடைத்துவிட்டு லினக்ஸைத் திணித்தார்கள் என்பது தனிக் கதை.

சிஸ்கோவுடனான பிணக்கு மட்டும் தீரவில்லை. பல மாடல்களுக்கு முறையாக மூலநிரல் தரவில்லை என்று ஃபவுண்டேஷன் 2008 டிசம்பரில் வழக்குப் போட்டது. 2009-ல் சமரசமானது. 2013-ல் லிங்க்சிஸை பெல்கினிடம் விற்றுவிட்டு ஒதுங்கியது சிஸ்கோ.

வார்த்தைக்கு உட்பட்டு ஒரு பூட்டு

உரிமத்தை மதித்துக்கொண்டே ஏமாற்றவும் முடியும் என்று காட்டியது டீவோ. 1999-ல் அமெரிக்காவில் வந்த இந்த டிவி பதிவுப் பெட்டி லினக்ஸில் ஓடியது; மூலநிரலையும் ஒழுங்காகக் கொடுத்தது. மாற்றி எழுதித் திரும்பப் போட்டால் மட்டும் பெட்டி ஓடாது. கம்பெனியின் டிஜிட்டல் கையொப்பம் இல்லாத எதையும் ஹார்டுவேர் ஏற்காது. வாங்கியவர் மூலநிரலைப் படித்து ரசிக்கலாம், அவ்வளவே.

கொதித்துப்போன ஸ்டால்மன் தரப்பு, 2007 ஜூனில் வந்த ஜிபிஎல் மூன்றாம் பதிப்பில் இந்தப் பூட்டைத் தடுத்தது. வீட்டுக் கருவிகளில் போட்டு விற்றால் நிறுவத் தேவையான திறவுகோலையும் தர வேண்டும். டோர்வால்ட்ஸ் சம்மதிக்கவில்லை. என் வேலை மூலநிரல் திரும்பி வருவதோடு முடிகிறது, ஹார்டுவேரை எப்படிச் செய்வது என்பது கம்பெனியின் பாடு என்பது அவர் நிலை. ஆகவே லினக்ஸ் கெர்னல் இன்றும் இரண்டாம் பதிப்பில்தான். இன்றைய டிவிகளும் செட்-டாப் பாக்ஸ்களும் பெரும்பாலும் டீவோ வழியில் நடக்கின்றன.

இதில் டோர்வால்ட்ஸின் வாதத்தை என்னால் முழுக்க ஒதுக்க முடியவில்லை. அன்று மூன்றாம் பதிப்புக்கு மாறியிருந்தால் பல கம்பெனிகள் லினக்ஸையே விட்டு ஓடியிருக்கும். ஆனால் பொருளுக்குக் காசு கொடுத்தவரின் பக்கம் இருந்து பார்த்தால், அவருக்குக் கிடைத்தது வெறுங்கை.

டிவியைப் பறிகொடுத்த கம்பெனி

நிபந்தனையை மீறினால் என்ன ஆகும்? ரொம்பக் காலம் ஒன்றும் ஆகவில்லை. ஜெர்மனியில் கெர்னல் புரோகிராமர் ஹரால்ட் வெல்ட்டே 2004-ல் சைட்காம் என்ற ரூட்டர் கம்பெனிக்கு எதிராக மியூனிக் நீதிமன்றத்தில் தடை வாங்கினார். ஜிபிஎல் சட்டப்படி செல்லும் என்று நீதிமன்றம் சொன்ன முக்கியமான முதல் தீர்ப்பு அது. அமெரிக்காவில் பிஸிபாக்ஸ் எழுதியவர்கள் சார்பில் 2007-லிருந்து வழக்குகள் வரிசையாக வந்தன. வெஸ்டிங்ஹவுஸ் டிஜிட்டல் பதில் சொல்லவே வராமல் போக, 2010-ல் நியூயார்க் நீதிமன்றம் 90,000 டாலர் நஷ்ட ஈடு விதித்ததோடு நிற்கவில்லை. மீறித் தயாரித்த டிவிகளையே ஒப்படைக்கச் சொல்லிவிட்டது.

இவை எல்லாம் எழுதியவர் தொடுத்த வழக்குகள். வாங்கியவர் கேட்க முடியுமா? அந்தக் கேள்வி 2021 அக்டோபரில் கலிஃபோர்னியா நீதிமன்றத்துக்குப் போனது. சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்ற அமைப்பு, தான் கடையில் வாங்கிய விஸியோ டிவிகளுக்கு மூலநிரல் கேட்டு வழக்குப் போட்டது. பணம் வேண்டாம், நிரலைக் கொடு என்பதுதான் கோரிக்கை. இது பதிப்புரிமை விவகாரம், வாடிக்கையாளருக்கு இதில் வேலையில்லை என்றது விஸியோ. 2022-ல் ஃபெடரல் நீதிமன்றம் வழக்கை மாநில நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. 2023 டிசம்பரில், விசாரணை இல்லாமலே தள்ளுபடி செய்யுங்கள் என்ற விஸியோவின் வேண்டுகோளும் எடுபடவில்லை. ஜெர்மனியில் இன்னும் சுலபமாக முடிந்தது. ஃபிரிட்ஸ்பாக்ஸ் ரூட்டர் வாங்கிய ஒரு புரோகிராமர் 2023-ல் வழக்குப் போட, அவர் கேட்ட நிரலையும் தொகுக்கும் வழிமுறையையும் கொடுத்தது ஏவிஎம் கம்பெனி; வழக்குச் செலவும் அதன் தலையிலேயே விழுந்தது.

டிவியின் மூலநிரலை வைத்து என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. எந்த நேரத்தில் எதைப் பார்க்கிறோம் என்று டிவி வெளியே சொல்லிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கலாம். கம்பெனி கைவிட்ட பிறகும் ஓட்டலாம். எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது. அதற்குக் காரணம் 2016.

கேமராக்களின் படையெடுப்பு

2016 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் காலையில் ட்விட்டர் வரவில்லை; நெட்ஃபிளிக்ஸ், ஸ்பாட்டிஃபை, ரெட்டிட் எதுவும் வரவில்லை. இணையப் பெயர்களை முகவரியாக மாற்றித் தரும் டின் என்ற கம்பெனி மீது வெள்ளம்போல வேண்டுகோள்கள் வந்து விழுந்திருந்தன. அனுப்பியவை மேஜைக் கம்ப்யூட்டர்கள் அல்ல. சிசிடிவி கேமராக்கள், அவற்றின் ரெக்கார்டர்கள், வீட்டு ரூட்டர்கள்.

மிராய் என்ற அந்த நச்சுநிரல் செய்ததில் பெரிய வித்தை ஏதுமில்லை. இணையத்தில் கதவு கதவாகத் தட்டி, 'அட்மின்' பெயருக்கு 'அட்மின்' பாஸ்வேர்டு என்பது மாதிரி அறுபத்துச் சொச்சம் ஜோடிகளைப் போட்டுப் பார்த்தது. உள்ளே போனதும் பிஸிபாக்ஸைக் கூப்பிட்டு 'மிராய்' என்ற இல்லாத கட்டளையைக் கொடுக்கும். அப்படி ஒன்று இல்லை என்று வழக்கமான பதில் வந்தால், சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளும். ஃபிளாப்பிக்காக எழுதிய கருவி அத்தனை தூரம் பரவியிருந்தது. மாட்டிய கருவிகளில் பலவற்றில் அந்தப் பாஸ்வேர்டு ஃபர்ம்வேருக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. வீட்டுக்காரர் செட்டிங்ஸ் பக்கத்தில் என்ன மாற்றினாலும் அது மாறாது. சீனாவின் ஷியோங்மாய் நிறுவனம் அமெரிக்காவில் விற்ற சில கேமராக்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. மிராயை உருவாக்கிய மூன்று அமெரிக்க இளைஞர்கள் 2017-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 2018-ல் இன்னொரு நச்சுநிரல், விபிஎன்ஃபில்டர், 54 நாடுகளில் ஐந்து லட்சம் ரூட்டர்களைப் பிடித்தது. ரூட்டரை அணைத்துப் போடுங்கள் என்று பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது எஃப்பிஐ.

இதைக் காட்டி, திறந்த நிரல் ஆபத்து என்பார்கள் சிலர். நிரல் திறந்திருந்ததால் இது நடக்கவில்லை. கம்பெனியே உள்ளே எழுதிவைத்த பாஸ்வேர்டுதான் ஓட்டை. அதை அடைக்க வேண்டியவர் கடையைக் கட்டிவிட்டார், வேறு யாரும் அடைக்க முடியாதபடி பூட்டையும் போட்டுவிட்டார்.

பூட்டச் சொன்ன அரசு

பூட்டுக்கு அரசும் ஒருமுறை உடந்தையாக இருந்தது. 2015-ல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி, ரேடியோ அலைகளின் வரம்பைக் காக்கவென்று ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. டிடி-டபிள்யூஆர்டி போன்றவற்றை நிறுவ முடியாமல் தடுப்பது எப்படி என்று பெயர் சொல்லியே தயாரிப்பாளர்களிடம் கேட்டது. கேட்டது ரேடியோவைப் பூட்ட. மலிவான பெட்டிகளில் ரேடியோவை மட்டும் தனியே பூட்டுவது செலவு, மொத்தத்தையும் பூட்டுவதே சுலபம். டிபி-லிங்க் அதைத்தான் செய்தது. இணையத்தின் முன்னோடி விண்ட் செர்ஃபும் டேவ் டாட்டும் முன்நிற்க, 260 வல்லுநர்கள் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். எஃப்சிசி அந்தப் பெயரை நீக்கியது. 2016-ல் அலைவரம்பு மீறலுக்காக டிபி-லிங்க் 2 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டபோது, வெளியார் ஃபர்ம்வேருக்கு வழிவிட வேண்டும் என்பதையும் உடன்பாட்டில் சேர்த்தது அதே எஃப்சிசி.

டேவ் டாட் சும்மா கையெழுத்துக்காகச் சேர்ந்தவர் அல்ல. வீட்டில் ஒருவர் பெரிய வீடியோவை அனுப்பினால் மற்றவரின் இணையவழிப் பேச்சு திக்குகிறதே, அதற்குக் காரணம் ரூட்டரில் அளவுக்கு மீறிச் சேரும் வரிசை என்று 2010 வாக்கில் கண்டறிந்தார்கள். ரேஷன் கடையில் மூட்டை மூட்டையாக வாங்குபவருக்குப் பின்னால் கால் கிலோ சர்க்கரைக்காரர் நிற்கிற நிலைமை. சின்ன வரிசைகளாகப் பிரித்து, தேங்குவதை உடனுக்குடன் குறைக்கும் தீர்வை டாட் குழுவினர் சோதித்தது ஓப்பன்டபிள்யூஆர்டியை அடிப்படையாகக் கொண்ட ஃபர்ம்வேரில்தான். 2012-ல் அது லினக்ஸ் கெர்னலுக்கே போய்ச் சேர்ந்தது. பெட்டிகள் எல்லாம் பூட்டியிருந்தால் அந்தச் சோதனை நடக்க இடமே இருந்திருக்காது. டாட் 2025-ல் காலமானார்.

---
பெட்டிச் செய்தி: உங்கள் வீட்டுப் பெட்டி

ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஃபர்ம்வேர் தேதியைப் பாருங்கள். இரண்டு, மூன்று வருஷமாக அசையாமல் நின்றால், கம்பெனி அதை மறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அட்மின் பாஸ்வேர்டு வேறு, வைஃபை பாஸ்வேர்டு வேறு. பலர் இரண்டாவதை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள்.

ஓப்பன்டபிள்யூஆர்டி போட நினைத்தால், மாடல் பெயரோடு ஸ்டிக்கரில் சிறிய எழுத்தில் இருக்கும் ஹார்டுவேர் பதிப்பு எண்ணையும் அதன் பட்டியலில் தேட வேண்டும். பெயர் ஒன்றாக இருந்து சிப் வேறாக இருப்பது சகஜம். தவறான கோப்பைப் போட்டால் பெட்டி செங்கல்லாகிவிடும். ஃபைபர் இணைப்போடு கம்பெனி கொடுத்த பெட்டியில் கை வைக்காதீர்கள். அது பெரும்பாலும் உங்கள் சொத்தல்ல.

---

சட்டம் எதுவரை வரும்?

பிரிட்டன் 2024 ஏப்ரலிலிருந்து, எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு போட்டு விற்பதைத் தடை செய்தது. எத்தனை காலம் அப்டேட் வரும் என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் 2025 ஏப்ரலிலிருந்து இணையத்தோடு இணையும் சிசிடிவி கேமராக்கள், மூலநிரல் ஆய்வு உட்பட்ட அரசுச் சோதனையில் தேறாமல் விற்பனைக்கு வர முடியாது. கம்பெனிகள் முனகுகின்றன. அரசு ஆய்வகத்துக்குக் காட்டும் மூலநிரலை வாங்கியவருக்கு மட்டும் ஏன் காட்டக்கூடாது என்று யாரும் இன்னும் உரக்கக் கேட்கவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம்தான் இருப்பதிலேயே கடுமை. 2027 டிசம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது, பொதுவாக ஐந்து வருஷமாவது பாதுகாப்பு அப்டேட் தராமல் அங்கே எதையும் விற்க முடியாது. சிப் கம்பெனியின் பொட்டலத்தை நம்பியிருக்கும் பிராண்டுகளுக்குச் சிக்கல் இங்கேதான். ஐந்து வருஷத்துக்குப் பொறுப்பேற்க வேண்டுமானால் உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். கெர்னலை எழுதுபவர்களும் 2023-ல் கைவிரித்துவிட்டார்கள்: ஆறு வருஷம்வரை பழைய பதிப்புகளைப் பராமரித்துவந்த ஏற்பாட்டை இரண்டு வருஷத்துக்குக் குறைப்பதாக அறிவித்தார்கள். பராமரிப்பவர்கள் சிலர், சோர்வு தாங்கவில்லை. பழையதைப் பிடித்துத் தொங்காமல் புதியதற்கு மாறுங்கள் என்பதே அவர்கள் பதில்.

எனக்குள்ள குறை, ஐந்து வருஷத்துக்கு அப்புறம் என்ன என்பதைப் பற்றியது. ரூட்டர் பத்து வருஷம் உழைக்கும். பொறுப்பைக் கைகழுவும் நாளில் பூட்டின் திறவுகோலை வாங்கியவரிடம் கொடுத்தாக வேண்டும் என்று இந்தச் சட்டங்கள் எதுவும் கட்டாயப்படுத்தவில்லை.

தொண்டர்களால் எல்லாவற்றையும் சுமக்க முடியாது என்பதும் உண்மை. 4 எம்பி ஃபிளாஷும் 32 எம்பி ரேமும் உள்ள பெட்டிகளை 2019-ஐ ஒட்டிய பதிப்போடு ஓப்பன்டபிள்யூஆர்டியும் கைவிட்டது. கெர்னல் அத்தனை பெருத்துவிட்டது. எல்லாவற்றையும் தொடங்கிவைத்த அந்த நீலப் பெட்டியில் இன்றைய ஓப்பன்டபிள்யூஆர்டி ஓடாது. அடுத்தவர் பெட்டியைத் திறக்கப் போராடியது போதும் என்று நினைத்தோ என்னவோ, 2024 நவம்பரில் அவர்களே பனானா பை கம்பெனியோடு சேர்ந்து 'ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன்' என்ற ரூட்டரைக் கொண்டுவந்தார்கள். மீடியாடெக் சிப், 1 ஜிபி ரேம், வந்தபோது விலை 89 டாலர். என்ன கோளாறு செய்தாலும் மீண்டு வரத் தனி ஃபிளாஷ் சிப்பும், அதற்கு மாற ஒரு ஸ்விட்சும் உண்டு. அந்தக் கறுப்புத் திரையைப் பார்க்க யாரும் ஒயர் பற்றவைக்க வேண்டியதில்லை. யூஎஸ்பி-சி கேபிளைச் செருகினால் போதும்.